மூன்றாவது கியர்

பூண்டு விற்ற பணம் அறுபத்திரண்டாயிரம்
சட்டையின் உள்பையில் கனக்கிறது.
மூஞ்சிக்கல், இன்னாசியின் பட்டறை வாசல்.
பானட்டைத் திறந்து நிற்கிறது என் பிக்கப்,
பல் டாக்டர் முன்னால் வாய் பிளந்ததுபோல்.
'என்ன வேணும்?' என்கிறான்.
'பலம்' என்கிறேன்.
சிரிக்காமல் கேட்டுக்கொண்டான்.

கவுஞ்சியில் எங்கள் காட்டிலிருந்து தார்ச்சாலைக்கு
ஒன்றரைக் கிலோமீட்டர்.
அதைப் பாதை என்று சொல்வது பஞ்சாயத்துக் கணக்கு மட்டும்தான்.
பெய்தால் களி, காய்ந்தால் பாறைப்பல்.
நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும்
இருபத்தைந்து மூட்டை கேரட்.
அதுகூடப் பரவாயில்லை.
கூக்கால் பிரிவு ஏற்றத்தில்
இரண்டாம் கியர், பிறகு ஒன்று,
பிறகு நான் பல்லைக் கடிக்கும் சத்தம்.
போன புதன்கிழமை
ஒரு பள்ளி வேன் ஹார்ன் அடித்து முந்திப்போனது.
பின்கண்ணாடியில் மூன்று பிள்ளைகள்
மூக்கை நசுக்கி வைத்து என்னைப் பார்த்தார்கள்.
அன்றைக்கு எடுத்த முடிவு இது.

சிகரெட் அட்டையைக் கிழித்து
உள்பக்கம் எழுதிக்கொண்டே பேசுகிறான் இன்னாசி:
'டர்போவைப் பெரிசாக்கலாம்.
பெரிய டர்போ சோம்பேறி,
ரெண்டாயிரம் சுத்துக்கு மேலதான் கண்ணு முழிக்கும்.
நீ ஏறுறதே ஆயிரத்து ஐநூறுல.
சிப்பு மாத்தலாம். கோயமுத்தூர்ல ஒருத்தன்
லேப்டாப்பை மாட்டி ஒரு மணி நேரத்துல
முப்பது குதிரை கட்டிவிடுவான்.
கொள்ளு யாரு வைக்கிறது?
கிளட்சு தாங்குமான்னு கிளட்சைக் கேட்டியா?
இன்டர்கூலர் நல்லது.
சூடான காத்து எளச்ச காத்து.
நம்ம மலைக்காத்து ஏற்கெனவே எளச்சதுதான்.
அப்புறம் சைலன்சர்...'

சைலன்சர் என்றதும் என் கண்ணைப் பார்த்தான்.
பார்த்திருக்கக் கூடாது.
பூம்பாறைத் திருப்பத்தில் நான் கியர் மாற்றினால்
மன்னவனூர் டீக்கடையில் கிளாசைக் கீழே வைத்து
'வர்றான்' என்று சொல்ல வேண்டும்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
மச்சினன் ராசாக்கண்ணு சொன்னது ஸ்நார்க்கல்:
ஓடை கதவு வரை வந்தாலும் எஞ்சின் மூச்சு விடும்,
தும்பிக்கையைப் பார்த்துக் காட்டுமாடு ஒதுங்கும்.
காட்டுமாடு எதற்கும் ஒதுங்காது
என்பது இருவருக்கும் தெரியும்.
அட்டையில் அதையும் எழுதச் சொன்னேன்.

'ஸ்டார்ட் பண்ணி மிதி' என்றான்.
மிதித்தேன்.
வண்டிக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம்
குழந்தையின் வயிற்றைத் தடவுவதுபோல் தடவினான்.
'சூர்யா, நீ வந்து மிதி' என்று பையனை ஏற்றிவிட்டு
'கையைக் குடு' என்றான் என்னிடம்.
டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாயின் அடிவயிற்றில்
நகத்தளவு கீறல்.
உள்ளங்கையில் சூடாக ஊதியது.
'இந்தா, உன் பலம்.'

எத்தனை மாதமாகவோ
நான் டீசல் ஊற்றி, எஞ்சின் இழுத்து,
பாதிக் காற்றை இந்த வழியே
பைன் மரங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.
கரும்புகையைக் கண்டு வண்டிக்கு வயசாச்சு என்றிருக்கிறேன்.
குழாய் ஆயிரத்து நானூறு.
கிளாம்ப் இரண்டு, நூற்றெண்பது.
கூலிக்கு டீயும் ஒரு வருக்கியும்.

மகிழ்ந்திருக்க வேண்டும்.
புதுச்சட்டை போட்டுக் கிளம்பியவனை
பாதி வழியில் நிறுத்தி
'தேர் நேத்தே ஓடிருச்சே' என்றதுபோல் இருந்தது.
மீதிப் பணம் இன்னும் கனத்தது.

வெறும் வண்டியை நம்பக் கூடாது.
புதன்கிழமை வரை பொறுத்து
இருபத்தைந்தோடு ஒரு மூட்டையைக் கூட ஏற்றினேன்.
கூக்கால் பிரிவில் பனிமூட்டம்.
இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தவன்
கை தானாகப் போய் மூன்றில் போட்டது.
திணறும் என்று காத்திருந்தேன்.
திணறவில்லை.
டர்போவின் மெல்லிய விசில்;
இத்தனை வருடம் இந்த ஏற்றத்தில்
நான் கேட்காத குரல்.
முன்னால் அதே வேன்.
அதே மூக்குகள்.
முந்தியிருக்கலாம்.
வளைவு, பனி என்று
எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு
அதன் பின்னாலேயே போனேன்,
நன்றாகத் தெரியும்படி, நெருங்கி.

அட்டை இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது.
ஐப்பசி மழைக்கு முன் இன்டர்கூலர் என்று
இன்னாசிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.
டர்போவை அடித்தாயிற்று, சிப்பை அடித்தாயிற்று.
ஸ்நார்க்கலை ராசாக்கண்ணுவே அடித்துவிட்டான்.
சைலன்சர் என்ற சொல்லைச் சுற்றி மட்டும்
யாரோ பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள்.
இந்த வண்டியில்
பேனா வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.